காற்றில் வந்த துணியும் கணக்கில் வந்த பணமும்

 

கொடுக்கல் வாங்கல் பற்றிய மார்க்கச் சட்டங்கள் கடைக்காரர்களுக்கு உரியவை, வீட்டில் இருப்பவர்களுக்கு அவை எதற்கு என்று எண்ணுவோர் நம்மில் பலர். ஆனால் இன்று வங்கிக் கணக்கு இல்லாத வீடு அரிது. நமது குமரி மாவட்டத்தில் கோட்டாறு, இடலாக்குடி, தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகள் பல. ஆகவே, நமக்குச் சேராத பணம் தவறுதலாக நம் கணக்கில் வந்து விட்டால் செய்ய வேண்டியது என்ன என்ற மஸ்அலாவை ஆண், பெண் இருபாலரும் அறிந்திருப்பது அவசியம்.

இப்படியும் நடக்குமா என்று கேட்க வேண்டாம். 2022ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் எச்.டி.எஃப்.சி. வங்கியின் வாடிக்கையாளர்கள் 100 பேருடைய கணக்குகளில் தலா 13 கோடி ரூபாய் காட்டியது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியிலிருந்து சென்னை வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவரின் கணக்கில் 9000 கோடி ரூபாய் வரவு வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 10 முதல் 13 வரை யூகோ வங்கியில் சுமார் 41,000 கணக்குகளில் 820 கோடி ரூபாய் தவறுதலாக வரவானது. இவை பத்திரிகைகளில் வந்த பெரிய தொகைகள். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியதால் வேறொருவர் கணக்கில் போய்ச் சேரும் ஐயாயிரமும் பத்தாயிரமும் பத்திரிகையில் வருவதில்லை.

இது ரிஜ்கு ஆகுமா?

"நான் திருடவில்லை, ஏமாற்றவில்லை, கேட்கவும் இல்லை. கஷ்டத்தில் இருந்தபோது தானாக வந்தது. இது அல்லாஹ் கொடுத்த ரிஜ்கு அல்லவா?" என்று மனம் கேட்கும். கடன்பட்ட வீட்டில் இந்தக் கேள்வி மிகவும் பலமாக எழும்.

இதற்கு விடையாக, புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவத்தை நினைவுபடுத்திக் கொள்வோம். முன்சென்ற சமுதாயத்தில் ஒருவர் இன்னொருவரிடம் நிலம் வாங்கினார். தோண்டியபோது பொன் நிறைந்த குடம் ஒன்று கிடைத்தது. அவர் அதைத் தூக்கிக் கொண்டு விற்றவரிடமே போனார். தாம் வாங்கியது நிலத்தைத்தானே தவிரப் பொன்னை அல்ல என்றார். விற்றவரோ, நிலத்தை அதிலுள்ளதோடு சேர்த்தே விற்றதாகச் சொல்லி வாங்க மறுத்தார். இருவரும் தீர்ப்புக்குச் சென்றார்கள். ஒருவருக்கு மகனும் மற்றவருக்கு மகளும் இருப்பதை அறிந்த நடுவர், அவ்விருவருக்கும் திருமணம் முடித்து, அந்தப் பொன்னை அவர்களுக்குச் செலவிட்டு, தர்மமும் செய்யச் சொன்னார்.

தம் சொந்த நிலத்திலிருந்து கிடைத்ததையே அவர் தமது ரிஜ்கு என்று உடனே எடுத்துக் கொள்ளவில்லை. தமக்கு அதில் உரிமை உண்டா என்றே முதலில் பார்த்தார். ஒரு பொருள் நமக்குச் சொந்தமாவதற்கு வழிகள் உண்டு: உழைப்பு, வியாபாரம், அன்பளிப்பு, வாரிசுரிமை போன்றவை. பாஸ்புத்தகத்தில் ஒரு வரி ஏறுவது அந்த வழிகளில் ஒன்றல்ல. ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்பதைத் திருமறை (4:29) தடுக்கிறது. மனமொப்பி நடக்கும் வியாபாரத்தையே அது விலக்காகக் கூறுகிறது. தவறுதலாக அனுப்பியவரிடம் அந்த மனமொப்புதல் எங்கே இருக்கிறது?

கண்டெடுத்த பொருளா?

சிலர் இதை 'லுகதா', அதாவது கண்டெடுத்த பொருள் என்று கருதுகிறார்கள். லுகதாவை ஒரு வருடம் அறிவிப்புச் செய்து, உரியவர் வராவிட்டால் பயன்படுத்தலாமே என்கிறார்கள். அது பொருந்தாது. உரியவர் யாரென்று தெரியாத பொருளுக்கே அச்சட்டம். வங்கியில் வந்த பணம் எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில், எந்த நேரத்தில் வந்தது என்பது பதிவில் இருக்கிறது. உரியவரை நமக்குத் தெரியாவிட்டாலும் வங்கிக்குத் தெரியும்.

இதற்குச் சரியான உவமை நம் ஃபுகஹாக்களின் நூல்களிலேயே உண்டு. காற்று ஒருவருடைய துணியைத் தூக்கிக் கொண்டு வந்து இன்னொருவர் வீட்டில் போட்டு விட்டால் அதன் சட்டம் என்ன என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் பேசுகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் கொடியில் காயப்போட்ட துணி அடுத்த வீட்டு முற்றத்தில் கிடக்கும். அத்துணி அந்த வீட்டாரிடம் அமானத் ஆகும். உரியவர் கொடுத்து வைக்காவிட்டாலும் மார்க்கமே அதை அமானத் ஆக்கி விட்டது. உரியவருக்கு உடனே தெரிவிப்பது அல்லது ஒப்படைப்பது கடமை. தெரிந்தும் தாமதித்தால், பிறகு அது கெட்டுப் போனாலும் ஈடு கொடுக்க வேண்டும். எடுத்து உடுத்திக் கொண்டாலோ அபகரித்தவர் ஆகி விடுவார்.

தவறுதலாக வந்த பணமும் இப்படிக் காற்றில் வந்த துணி போன்றதே. அமானத்துகளை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி இடப்பட்ட இறைக்கட்டளை (4:58) இதையும் தழுவும்.

வங்கிதானே, அரசாங்கம்தானே என்பவர்களுக்கு

"வட்டி வாங்கும் வங்கியின் பணம்தானே! மாற்று மதத்தார் பணம்தானே!" என்று சொல்வோரும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்கத்துக் குறைஷிகளின் அமானத்துகள் அவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். உயிருக்கு எதிரியானவர்களின் பொருளுக்கே இந்தச் சட்டம் என்றால், நம்மோடு வாழும் அண்டை வீட்டார் பொருளுக்கு என்ன சட்டம் என்று சொல்லவும் வேண்டுமோ?

மேலும் அது வங்கியின் பணம் என்பது எப்படித் தெரியும்? வெயிலில் நின்று சம்பாதித்த ஓர் ஏழை தன் உம்மாவின் மருந்துக்கு அனுப்பியதாகவும் இருக்கலாம்.

2021இல் பீகார் மாநிலம் ககாரியா மாவட்டத்தில் ஒருவர் கணக்கில் கிராம வங்கியின் தவறால் ஐந்தரை லட்சம் ரூபாய் வந்தது. பிரதமர் வாக்களித்த பணத்தின் முதல் தவணை என்று எண்ணிச் செலவழித்து விட்டதாகச் சொல்லித் திருப்பித் தர மறுத்தார், கைது செய்யப்பட்டார். நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72ஆம் பிரிவு. பிறர் பொருளை நேர்மையின்றித் தன்னுடையதாக்கிக் கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 314ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

செய்ய வேண்டியவை

1. வரவு வந்ததாகக் குறுஞ்செய்தி கண்டால், முதலில் கணக்கைப் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள். பணமே வராமல் பொய்ச் செய்தி அனுப்புவோர் உண்டு.

2. வெளிநாட்டிலுள்ள கணவரோ மகனோ அனுப்பியதா என்று விசாரியுங்கள். விசாரிக்கும்வரை ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள்.

3. நம்முடையதல்ல என்று தெரிந்ததும் வங்கிக் கிளைக்குச் சென்று எழுத்து மூலம் தெரிவியுங்கள். நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.

4. முன்பின் அறியாதவர் தொலைபேசியில் அழைத்து, "தவறாக அனுப்பி விட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்றால் அனுப்ப வேண்டாம். பிறரை ஏமாற்றிய பணத்தை நம் கணக்கு வழியாகக் கடத்தும் மோசடியாக அது இருக்கலாம். அமானத்தை உரியவர் அல்லாதவரிடம் கொடுத்தால் ஈடு கொடுக்கும் பொறுப்பு நம்மையே சேரும். வங்கி மூலமே திரும்பட்டும். சந்தேகம் இருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

5. வங்கி எடுத்துக் கொள்ளத் தாமதித்தால் தொகையைத் தொடாமல் வையுங்கள். வீட்டாரிடம் சொல்லி, எழுதியும் வையுங்கள். மவ்த்து சொல்லிக் கொண்டு வருவதில்லை. வாரிசுகள் அதைச் சொத்து என்று பங்கிட்டு விடக்கூடாது.

6. அத்தொகையை ஜகாத் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அது நம் உடைமை அல்ல. அதிலிருந்து ஸதகா கொடுப்பதும் கூடாது. பிறர் பொருளைத் தர்மம் செய்து நன்மை தேட முடியாது.

தெரியாமல் செலவழித்திருந்தால்?

வீடுகளில் அதிகம் நிகழக்கூடியது இதுவே. கணவர் அனுப்பினார் என்று நம்பி மனைவி நகைக்கடனை அடைத்து விடுகிறார். அல்லது மாதத் தவணை தானாகவே அப்பணத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. அறியாமல் செய்ததற்குப் பாவம் இல்லை. ஆனால் ஈடு கொடுக்கும் கடமை நீங்காது. அடுத்தவர் பாத்திரத்தைத் தவறி உடைத்தவர் பாவியல்லர். விலை கொடுக்க வேண்டியவர்தான்.

கையில் இல்லாவிட்டால் ஒளிந்து கொள்ளக்கூடாது. உண்மையைச் சொல்லித் தவணை கேட்க வேண்டும். கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கத் திருமறை (2:280) கடன் கொடுத்தவருக்குக் கூறுகிறது. விட்டுக் கொடுப்பது இன்னும் மேல் என்கிறது. உரியவர் மனமுவந்து விட்டுக் கொடுத்தால் அது ஹலாலாகி விடும். விட்டுக் கொடுக்கும் உரிமை அவருக்கே உண்டு. நாமாக மன்னித்துக் கொள்ள முடியாது.

பணம் அனுப்புவோரும் கவனிக்க வேண்டும். நம் மக்களிடையே ஒரே பெயர் பலருக்கு உண்டு. வங்கிப் பரிமாற்றமோ பெயரை வைத்து நடப்பதில்லை. கணக்கு எண்ணை வைத்தே நடக்கிறது. பெறுபவர் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதைப் பார்த்த பின்பே அனுப்புங்கள்.

சகோதர சகோதரிகளே! அடுத்த வீட்டுத் துணி நம் முற்றத்தில் விழுந்தால் மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதை நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கணக்கில் வந்து விழுந்ததையும் அவ்வாறே கொண்டுபோய்க் கொடுப்பதை அவர்கள் பார்க்கட்டும். ஹலாலான கொஞ்சத்தில் பரக்கத் செய்யவும், பிறர் பொருளிலிருந்து நம் வயிற்றையும் நம் பிள்ளைகளின் வயிற்றையும் பாதுகாக்கவும் வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.