ஏற்றி இறக்கும் ஏராப் பலகையும் கடல் ஒட்டுயிர்களும்

பாய்ப்படகு காற்றின் விசையினால் பக்கவாட்டில் ஒதுங்காமல் நேரே செல்வதற்கு, அதன் அடியில் நீருள் நீண்டிருக்கும் ஏராப் பலகை பெரிதும் துணைபுரிகிறது. ஆழமற்ற கழிமுகங்களில் செல்ல வேண்டிய படகுகளில் இப்பலகை ஏற்றவும் இறக்கவும் கூடியதாக அமைக்கப்படுகிறது. ஏற்றும்போது அது படகின் நடுவிலுள்ள ஒடுங்கிய உறையினுள் அடங்கும். பலகைக்கும் உறைக்கும் இடையேயுள்ள வெளி பெரும்பாலும் சில மில்லிமீட்டர்களே. படகின் வெளிப்புறத்தில் வேகத்தைக் குறைக்கும் கொட்டலசு, இவ்விடுக்கில் வளருமாயின் பலகையை அசையவொட்டாமலே செய்துவிடும். ஏற்ற முடியாத பலகை மணல்திட்டில் மோதும். இறக்க முடியாத பலகையோ, காற்று கரைநோக்கி வீசும்போது படகைக் கரையில் ஒதுங்கவிடும்.

ஒட்டுயிர்கள் வளரும் முறை

எப்பொருளும் கடல்நீரில் மூழ்கியவுடன் அதன்மேல் கரிமப் பொருள்களாலான மெல்லிய படலம் படிகிறது. ஓரிரு நாட்களில் பாக்டீரியாக்களும் நுண்பாசிகளும் சேர்ந்து வழுவழுப்பான படிவை உண்டாக்குகின்றன. பின்னர்க் கொட்டலசு, சிப்பி, குழாய்ப்புழு ஆகியவற்றின் இளவுயிர்கள் வந்து பற்றுகின்றன. கொட்டலசின் இளவுயிர் தன் உணர்கொம்புகளால் இடத்தைச் சோதித்து, ஏற்றதாயின் பசையைச் சுரந்து நிலையாக ஒட்டிக்கொள்கிறது. பிறகு அது இடம் பெயர்வதில்லை.

உறையினுள் ஒளி புகாமையால் பாசி அங்கே அதிகம் வளர்வதில்லை. ஆனால் கொட்டலசின் இளவுயிர்கள் பெரும்பாலும் நிழலையே நாடுவன. தூரிகையும் அங்கே எளிதில் எட்டாது.

டேவியின் பாடம்

1761ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படையின் "அலாரம்" என்ற மரக்கப்பலின் அடிப்பாகத்தில் தாமிரத் தகடு வேயப்பட்டது. ஒட்டுயிர்கள் குறைந்தன; ஆயினும் தாமிரத்துடன் தொடர்புற்ற இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டன. 1824ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி, தாமிரமே அரிக்கப்படுவதைத் தடுக்கும் பொருட்டு, அதனுடன் இரும்பையோ துத்தநாகத்தையோ இணைக்கும் முறையைக் கண்டார். தாமிரம் பிழைத்தது, ஆனால் அதன்மேல் கொட்டலசும் பாசியும் மண்டின. தாமிரம் சிறிது சிறிதாக நீரில் கரைந்தால்தான் அதன் நச்சு உயிர்களை அணுகவிடாது என்பது இதனால் விளங்கிற்று.

நடைமுறை விதிகள்

1. வார்ப்பிரும்பு அல்லது எஃகுப் பலகைக்குத் தாமிரப் பூச்சை நேரே பூசலாகாது. துருவை முற்றும் நீக்கி, எப்பாக்சிப் பூச்சினால் உலோகத்தை மூடிய பின்னரே அதன்மேல் பூச வேண்டும். அலுமினியப் பலகைக்குத் தாமிர ஆக்ஸைடுப் பூச்சைத் தவிர்த்து, அதற்கென உள்ள பூச்சையே கொள்ள வேண்டும்.

2. பூச்சு தடித்தால் இடைவெளி குறையும். ஆகவே பழைய பூச்சைச் சுரண்டியபின் மெல்லியதாகப் பூச வேண்டும். துத்தநாகக் காப்புத் துண்டுகளின்மேல் பூச்சு படலாகாது.

3. படகைக் கரையேற்றும்போது, அதனை உயரத்தில் தாங்கி நிறுத்திப் பலகையை முழுதும் இறக்குதல் வேண்டும். அப்போது நீண்ட பிடியுள்ள தூரிகையால் உறையின் உட்புறத்தையும் துப்புரவு செய்து பூசலாம்.

4. சில பூச்சுகள் நீரோட்டத்தினால் தேய்ந்து புதுப்பரப்பைக் காட்டுவன. உறையினுள் நீர் தேங்குவதால் அவை அங்கே முழுப்பயன் தாரா. ஆகையால் படகு சும்மா நிற்கும் காலத்திலும் வாரம் ஒருமுறையேனும் பலகையை ஏற்றி இறக்க வேண்டும். இளங்கொட்டலசு ஓடு தடிக்குமுன் உராய்வில் உதிரும்.

5. பருவத்தையும் நோக்க வேண்டும். கொச்சிக் காயலில் தென்மேற்குப் பருவமழையின்போது உப்புத்தன்மை வெகுவாகக் குறைவதால் கடல் ஒட்டுயிர்கள் பல மடிகின்றன. மழைக்குப்பின் உவர்நீர் திரும்பும்போது இளவுயிர்களும் திரும்புகின்றன. அதற்கு முன்னரே பூசி முடித்தல் நலம்.

நச்சின் எல்லை

ஒருகாலத்தில் வெள்ளீயக் கரிமச் சேர்மங்கள் கலந்த பூச்சுகள் மிகுந்த பலன் தந்தன. ஆனால் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் அவை சிப்பி வளர்ப்பைச் சீர்குலைத்தமையால், 1982ஆம் ஆண்டில் அந்நாடு சிறு கலங்களில் அவற்றைத் தடை செய்தது. கப்பல்களில் அவற்றை விலக்கும் சர்வதேச உடன்படிக்கை 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தாமிரமும் நஞ்சே. எனவே சுரண்டிய தூளை நீரில் விழவிடாமல் விரிப்பில் சேகரித்து அகற்றுவது கடமையாகும்.

வகுப்புச் சோதனை

கடலோரப் பள்ளி ஆசிரியர்கள் மூன்று பலகைத் துண்டுகளைக் கொள்க. முதலாவதை வெறுமனே விடுக. இரண்டாவதில் தாமிரத் தகட்டைப் பொருத்துக. மூன்றாவதில் தாமிரத் தகட்டுடன் துத்தநாகத் துண்டொன்றை நன்கு தொடுமாறு இணைக்க. மூன்றையும் ஒரே ஆழத்தில் சில வாரங்கள் தொங்கவிட்டு, வாரந்தோறும் ஒட்டுயிர்களை எண்ணிக் குறிக்க. இரண்டாவது துண்டுக்கும் மூன்றாவதற்கும் காணும் வேறுபாடு, டேவி கண்ட உண்மையை மாணவர்க்குத் தெளிவாக்கும்.