மணிலாவுக்கு உறவு எது?

ஜவ்வாது மலையடிவாரத்தில் சந்தவாசல் வட்டாரத்தில் நிலக்கடலைக்கு மணிலா என்றும் மல்லாட்டை என்றும் பெயர். உளுந்து, துவரை, காராமணி போல இதுவும் அவரைக் குடும்பப் பயிரே. பூவையும் காயையும் பார்த்து இவ்வாறு வகுத்தார்கள். ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் யார் பங்காளி, யார் தூரத்து உறவு என்று பூவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

அதை இப்போது டி.என்.ஏ. காட்டிக் கொடுக்கிறது. ஆரணித் தறியில் ஜக்கார்டு அட்டையிலுள்ள துளைகளின் வரிசைப்படி சேலையில் பூ விழுவதுபோல, டி.என்.ஏ. இழையில் நான்கு வகைப் பொருள்கள் அமைந்துள்ள வரிசைப்படியே செடியின் குணம் அமைகிறது. தலைமுறைதோறும் இவ்வரிசையில் சிறு மாற்றங்கள் சேரும். இரு செடிகளுக்கிடையே மாற்றம் குறைவு என்றால், அவை அண்மையில் பிரிந்தவை.

இவ்வாறு ஒப்பிட்டு 2001இல் வெளியான ஆய்வின்படி, மணிலாவுக்கு உளுந்தைவிட வேங்கை மரமும் செம்மரமும்தான் நெருங்கிய உறவு! தீவனப் பயிரான முயல் மசாலும் இதே கிளைதான். ஆனாலும் இவற்றை மணிலாவுடன் ஒட்டுச் சேர்க்க முடியாது. அதற்கு இன்னும் நெருங்கிய சொந்தம் வேண்டும்.

அந்தச் சொந்தம் தென் அமெரிக்காவில் இருக்கிறது. அங்குள்ள இரண்டு காட்டுக் கடலைகளின் டி.என்.ஏ. வரிசை 2016இல் வெளியாயிற்று. அவற்றுள் பொலிவியாவில் கிடைத்த ஒன்றை மணிலாவின் ஒரு பாதியுடன் ஒப்பிட்டால், பத்தாயிரம் எழுத்துக்கு ஏறக்குறைய நான்கே எழுத்து வேறுபாடு. காட்டுக் கடலைக்குக் குரோமோசோம் 20; இரண்டும் கலந்த மணிலாவுக்கு 40. எண்ணிக்கை மாறியதால் அதன்பின் காட்டு உறவுகளுடன் கலப்பு அரிதாயிற்று. எல்லா ரகங்களும் அந்த ஒரே கலப்பின் வழி வந்தவை என்பது ஆய்வாளர் முடிவு.

டிக்கா இலைப்புள்ளியும் துருவும் வந்தால் பல ரகங்கள் ஒன்றுபோலத் தாக்குண்பதற்கு இதுவும் ஒரு காரணம். இலை உதிர்ந்து காயும் குறையும், மாட்டுக்குக் கொடியும் மிஞ்சாது.

ஆனால் கார்டெனாசி என்ற வேறொரு காட்டுக் கடலை இவ்விரு நோய்களையும் தாங்கும். அந்தக் குணத்தை முயன்று மணிலாவில் ஏற்றினார்கள். தார்வார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி. 4 ரகத்தில் அது உண்டு. திண்டிவனத்தில் 1940இல் வெளியான நம் டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கியது. அதிலும் இக்குணத்தைச் சேர்த்துத் தார்வாரில் 2017இல் ஆய்வு வெளியிட்டார்கள். நோய் வரும்வரை காத்திராமல், நாற்றிலேயே டி.என்.ஏ.வைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுப்பது இம்முறையின் லாபம்.

விதை வாங்குமுன், இலைப்புள்ளி, துரு இரண்டையும் தாங்கும் ரகமா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். எந்த ரகமானாலும், தானாக முளைத்த மணிலாச் செடிகளைப் பிடுங்கி, அடுத்த போகத்துக்குக் கம்போ சோளமோ விதைப்பது நல்லது.