ஆப்பிரிக்கத் துணி எந்த ஊர்த் துணி?

மெக்கானிக்கல், சிவில் பிரிவு நண்பர்களுக்காக முதலில் பாத்திக் பற்றி இரண்டு வரி. துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் முக்க வேண்டும். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்தால் வெடிப்பு வழியே சாயம் இறங்கி நரம்பு மாதிரி கோடு விழும். என் முதல் பிராக்டிகலில் அப்படி விழுந்ததைப் பார்த்து, துணி வீணாப் போச்சு என்று பயந்துவிட்டேன்.

யின்கா ஷோனிபாரே என்ற கலைஞர் 1962-ல் லண்டனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதில் லாகோஸ் போய் வளர்ந்து, படிப்புக்காக மறுபடி லண்டன் வந்தார். கலைக் கல்லூரியில் சோவியத் நாட்டின் பெரெஸ்த்ரோய்கா பற்றி அவர் படைப்பு செய்தபோது, ஆப்பிரிக்கனாகிய நீ அசல் ஆப்பிரிக்கக் கலையைச் செய்யக் கூடாதா என்கிற மாதிரி ஆசிரியர் ஒருவர் கேட்டுவிட்டார்.

இந்தக் கேள்வி எனக்கு நன்றாகவே புரியும். அட்மிஷன் அன்று நான் எலெக்ட்ரானிக்ஸ் கேட்டேன். "தறிக்காரர் வீட்டுப் பையன் டெக்ஸ்டைல்தானப்பா எடுக்கணும்?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் "சரிங்க" என்றேன்.

ஷோனிபாரே அப்படி விட்டுவிடவில்லை. லண்டன் பிரிக்ஸ்டன் மார்க்கெட்டில் ஆப்பிரிக்கத் துணி என்று விற்றதைப் பற்றி விசாரித்தார். அது நெதர்லாந்துத் தயாரிப்பாம்! ஜாவா பாத்திக்கைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மெஷினில் செய்ய ஆரம்பித்தது. மெழுகுக்குப் பதில் ரெசின், இரண்டு பக்கமும் ரோலர் அச்சு. ரெசின் வெடித்து விழுந்த கோடுகள் ஜாவாவில் பிடிக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அதே துணியை விரும்பி வாங்கினார்கள். சந்தைப் பெண்கள் டிசைன்களுக்குப் பெயரும் வைத்தார்கள். அப்புறம் அது அவர்கள் துணிதானே? (நம் பக்கத்துக் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியும் இப்படிக் கப்பலேறிப் போனதுதான். நைஜீரியாவின் கலாபாரி மக்களுக்கு அது சடங்குத் துணி.)

அன்றிலிருந்து ஷோனிபாரேயின் படைப்புகளில் இந்தத் துணி வந்துகொண்டே இருக்கிறது. 2010-ல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், நெல்சனின் 'விக்டரி' போர்க்கப்பலை முப்பதில் ஒரு பங்கு அளவில் செய்து, பிரம்மாண்டமான பாட்டிலுக்குள் நிறுத்தினார். கப்பலின் 37 பாய்களிலும் இதே டிசைன்கள். 1805-ல் நெல்சன் ஜெயித்த கடல் வழியாகத்தான் பிரிட்டன் சாம்ராஜ்யமாக விரிந்தது. அந்தச் சாம்ராஜ்யத்தின் நாடுகளிலிருந்துதான் பிற்பாடு ஜனங்கள் லண்டன் வந்தார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2014-ல் அவர் செய்த 'பிரிட்டிஷ் லைப்ரரி'. ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு இந்தத் துணியால் அட்டை போட்டு அலமாரிகளில் அடுக்கியிருக்கிறார். முதுகில் தங்க எழுத்தில், பிரிட்டனுக்குக் குடியேறி வந்தவர்கள், அவர்கள் வாரிசுகளின் பெயர்கள். குடியேற்றத்தை எதிர்த்துப் பேசியவர்களின் பெயர்களும் உண்டு, அதே துணியில், அதே வரிசையில். சில புத்தகங்களில் மட்டும் பெயரே இல்லை.