டார்ச் லைட்டும் தம்புசாமி பிள்ளையும்

கேள்வி: பாசார் மாலாமில் கட்டைவிரல் பருமனில் ஒரு டார்ச் லைட் வாங்கினேன். எதிர் புளோக்கின் பத்தாவது மாடிவரை வெளிச்சம் போகிறது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாமா? இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: இரண்டாவது கேள்விதான் சுவையானது. முதல் மரியாதை அதற்கே.

1899 ஜனவரி 10. டேவிட் மிசெல் என்ற இங்கிலாந்துக்காரருக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. ஒரு காகிதக் குழாய், அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேட்டரிகள், முனையில் பல்பு, அதைச் சுற்றிப் பித்தளைத் தகடு. அவ்வளவுதான். நூற்றிருபத்தைந்து ஆண்டு கழித்து நீங்கள் பாசார் மாலாமில் பேரம் பேசி வாங்கியதும் அதே அமைப்புதான். உரிமை போய்ச் சேர்ந்தது கான்ராட் ஹியூபர்ட்டின் கம்பெனிக்கு. பின்னாளில் எவரெடி ஆனது அதுதான். ஹியூபர்ட் நியூயார்க் போலீஸ்காரர்களுக்கு டார்ச்சை இலவசமாகக் கொடுத்தார், பதிலுக்கு 'நன்றாக எரிகிறது' என்று எழுதி வாங்கி விளம்பரத்தில் போட்டார். போலீஸுக்குக் கொடுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிய மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பொம்மை ரயிலால் புகழ்பெற்ற ஜோஷுவா லயனல் கோவன்தான் டார்ச்சையும் கண்டுபிடித்தார், பூந்தொட்டிக்கு அலங்கார விளக்காகச் செய்ததை ஹியூபர்ட்டுக்குக் கைமாற்றிவிட்டுக் கோடிகளைக் கோட்டைவிட்டார் என்றொரு கதை இன்னமும் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காப்புரிமைத் தாளில் இருப்பது மிசெலின் பெயர். கதைக்கு முற்றுப்புள்ளி.

அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று. மிசெல் அந்தத் தாளை வாங்குவதற்கு ஐந்து ஆண்டு முன்னரே, 1894இல், ரவாங் ஈயச் சுரங்கத்தில் அதன் முதலாளிகளான நம் தம்புசாமி பிள்ளையும் லோக் யூவும் தண்ணீர் இறைக்க மின்சார பம்பு ஓட்டிவிட்டார்கள். கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கே மறு ஆண்டுதான் மின்விளக்கு வந்தது. (இந்தப் பகுதியில் தம்புசாமி பிள்ளை எத்தனை முறை வருகிறார் என்று ஆசிரியர் எண்ணிக்கொண்டிருக்கிறாராம். எண்ணட்டும்.)

சரி, உங்கள் சட்டைப் பை. போடலாம், ஆனால் பூட்டிவிட்டுப் போடுங்கள். பல டார்ச்சுகளில் அடிமூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் இணைப்பு விட்டுப்போகும், பொத்தான் தவறி அமுங்கினாலும் எரியாது. எரிந்தால் என்ன என்கிறீர்களா? ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய 12 லூமன் தரும். ஆயிரம் லூமன் டார்ச் பைக்குள் எரிந்தால், அது எண்பது மெழுகுவர்த்தி. அதைக் கொளுத்திப் பையில் வைத்துக்கொண்டு நாசி லெமாக் வரிசையில் நிற்பது உங்கள் இஷ்டம். கறுப்புத் துணி என்றால் இன்னும் மோசம், விழுகிற ஒளியை எல்லாம் விழுங்கிச் சூடாக்கிக்கொள்ளும்.

கேள்வி: 1996இல் கரண்ட் போனதிலிருந்து எங்கள் வீட்டில் டார்ச் இல்லாத நாளில்லை. புதிதாக வாங்கியதன் பேட்டரியில் 9900 என்று போட்டிருக்கிறது. எத்தனை மணி நேரம் எரியும்? (வாசகி, கிள்ளான்)

பதில்: அந்த 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதியை யார் மறப்பார்கள்? தீபகற்பம் முழுக்க இருட்டு. மெழுகுவர்த்தி வைத்திருந்த கடைக்காரர்தான் அன்று ராஜா.

அம்மா, அந்த 9900 பச்சைப் பொய். உங்கள் டார்ச்சில் இருப்பது 18650 வகை செல்லாக இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். பேர்பெற்ற கம்பெனிகளே அந்த அளவுக்குள் 3,500 மில்லி ஆம்பியர் மணி அடைக்கத்தான் திணறுகின்றன. 9900 என்று அச்சடிக்க மை மட்டும் போதும். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் பக்கம் நிற்கும். பாதிதான் காட்டுகிறது என்றால் உள்ளே இருப்பது சின்ன செல், மீதி நிரப்பல். இப்படிப்பட்டதை உரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே வெள்ளை மாவு கிடைத்த கதையும் உண்டு. நீங்கள் உரிக்க வேண்டாம், அது லித்தியம், பலாப்பழம் அல்ல.

சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். உதிரி செல்லைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் கைப்பையில் போட்டால், இரண்டு முனையையும் ஒரு சாவி இணைத்துவிடும். அப்புறம் பை உங்கள் கையில் இருக்காது. விமானத்தில் போவதாக இருந்தால் உதிரி செல் கைப்பெட்டியில்தான் போக வேண்டும், ஏற்றிவிடும் பெட்டியில் அல்ல. வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். நம் ஊர் மத்தியான வெயில் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

எத்தனை மணி நேரம் எரியும் என்றால், அதிகபட்ச வெளிச்சத்தில் இப்படிப்பட்ட குட்டி டார்ச்சுகள் பெரும்பாலும் சில நிமிடம்தான் தாங்கும். சூடு ஏறியதும் தானே தணித்துக்கொள்ளும். கரண்ட் போன ராத்திரிக்குக் குறைந்த வெளிச்சமே தாராளம். மேசையில் நிமிர்த்தி வைத்துக் கூரையைப் பார்த்து எரியவிடுங்கள், அறை முழுக்கத் தெரியும், யார் கண்ணும் கூசாது.

கேள்வி: கோலா சிலாங்கூரில் மின்மினி பார்க்கப் போகிறோம். இந்த டார்ச்சைக் கொண்டு போகலாமா? (வாசகர், ஷா ஆலம்)

பதில்: கூடவே கூடாது. கம்போங் குவாந்தானில் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் சிமிட்டுவது பெண்ணைக் கூப்பிடத்தான். அங்கே ஆயிரம் லூமனை அடிப்பது கல்யாண வீட்டில் மெயின் சுவிட்சை அணைப்பதைவிடப் பெரிய பாவம். உங்களுக்கும் நஷ்டம்தான். பளிச்சென்ற வெளிச்சம் பட்ட கண் மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், அதற்குள் படகு கரைக்குத் திரும்பிவிடும். இரவில் எதிரே வருபவர் முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது என்பதும் இதனால்தான், மரியாதைக்காக மட்டுமல்ல.

தம்புசாமி பிள்ளைக்கும் மின்மினிக்கும் தொடர்பு தேடினேன். இல்லை.

கேள்வி: தோட்டத்தில் என் தாத்தா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மரம் வெட்டப் போவாராம். அதுவும் டார்ச்தானா? (வாசகி, காப்பார்)

பதில்: தோட்டத்துக்குப் பேட்டரி விளக்கு வருவதற்கு முந்திய காலமென்றால் அது கார்பைடு விளக்கு. கல் மாதிரி இருக்கும் கார்பைடு மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், அசெட்டிலின் வாயு கிளம்பும், அது நெற்றிக்கு முன்னால் சுடராக எரியும். பூண்டு நாற்றம் வேறு. விடியுமுன் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும், அதனால் இருட்டிலேயே போக வேண்டும். கார்பைடை மலிவாகத் தயாரிக்கும் வழியை 1892இல் தாமஸ் வில்சன் கண்டதே ஒரு விபத்து. மனிதர் தேடியது அலுமினியத்தை. நெற்றியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு, பாம்புக் காட்டில் நடந்தவரின் பேத்தி நீங்கள். டார்ச்சின் ஆபத்து பற்றி நான் உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

கேள்வி: தம்புசாமி பிள்ளை உங்களுக்குச் சொந்தமா? (வாசகர், பத்துமலை)

பதில்: இல்லை. உங்கள் ஊர்க் குகையில் முருகனை வைத்தவர், விக்டோரியா கல்விக்கூடம் தொடங்கக் கைகொடுத்தவர், சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தவர் என்றால் எனக்கு மட்டுமா சொந்தம்? அவர் 1902இல் காலமானார். மிசெலின் டார்ச் வந்து அப்போது மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அவர் கையில் ஒன்று இருந்ததா என்று கேட்டு மட்டும் யாரும் எழுதாதீர்கள். இருந்தது என்று அடித்துச் சொல்லிவிடுவேன்.