படுக்கையில் மாமியார், வாசலில் கிறிஸ்துமஸ்

கேள்வி: ஃபாதர், என் மாமியாருக்கு வயது 81. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். இப்போது எங்களையே அடையாளம் தெரியவில்லை. எல்லாம் நான்தான் பார்க்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மூத்தாரும் நாத்தனாரும் குடும்பத்தோடு வருகிறார்கள். மூத்தார் போனில், "அம்மா இப்படிக் கிடந்து சீரழியுறதுக்கு, எண்ணெய் வச்சுக் குளிப்பாட்டி அனுப்பிரலாம். நம்ம பக்கம் நடக்காததா?" என்கிறார். நாத்தனாரோ, "அதெல்லாம் வேண்டாம். ஆனா விருந்தாளிங்க வர்ற நேரம் பின்கட்டுல கிடக்கட்டும்" என்கிறார். கணவர் வாயே திறக்கவில்லை. சில ராத்திரிகளில் எனக்கே 'போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று தோன்றிவிடுகிறது. நான் பாவியா? இப்படிப்பட்ட வீட்டில் குடில் கட்டி என்ன கொண்டாடுவது?

— ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில் (அறநெறி இறையியல் கற்பிக்கும் அருள்பணியாளர்):

சகோதரி, ஒருவர் படும் வேதனை முடிய வேண்டுமென்று ஏங்குவது பாவமல்ல. "ஆண்டவரே, எடுத்துக்கொள்ளும்" என்று வேண்டுவதும் பாவமல்ல. ஆண்டவருடைய வேலையை நம் கையில் எடுத்துக்கொள்வதுதான் பாவம். மூத்தார் சொல்வதற்குத் தலைக்கூத்தல், அனுப்பி வைத்தல் என்று எந்தப் பெயர் வைத்தாலும் அது கொலை. ஐந்தாம் கட்டளைக்கும் விரோதம், நாட்டுச் சட்டத்துக்கும் விரோதம்.

'இனி அவரால் என்ன பயன்?' என்ற எண்ணம்தான் இதற்கு வேர். பெத்லகேமில் தீவனத் தொட்டியில் கிடந்த பிள்ளையால் அன்றைக்கு என்ன பயன்? பேச்சில்லை, நடையில்லை. பாலூட்ட, துணி மாற்ற, தூக்கிவைக்க ஒருத்தி வேண்டியிருந்தது. வளர்ந்து போதிக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் கடவுளின் மகனானார் என்று நாம் விசுவசிப்பதில்லை. மரியாளின் வயிற்றில் கருவானபோதே அவர் அவர்தான். அதனால்தான் கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்பு, மார்ச் 25 அன்று, மங்களவார்த்தைத் திருநாள் கொண்டாடுகிறோம்.

1995இல் அதே திருநாளில்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலை வெளியிட்டார். அது பெத்லகேம் குழந்தை பிறந்த சேதியோடு தொடங்குகிறது. கருணைக்கொலை கடவுளின் சட்டத்தைக் கடுமையாக மீறுவது என்று 65ஆம் எண்ணில் தீர்த்துச் சொல்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நியாயம்: மனித மாண்பு நாம் உழைத்துச் சம்பாதித்தது அல்ல, கடவுள் தந்தது. நினைவு தப்பினாலும் அது தப்பாது.

கிறிஸ்துமஸை ஒட்டி வருகிற திருக்குடும்ப விழாவுக்குரிய வாசகம் சீராக் ஞான நூலின் மூன்றாம் அதிகாரம். வயதான தகப்பனுக்கு அறிவு மங்கினாலும் பொறுத்துப்போ, உனக்குத் தெம்பு இருக்கிறதென்று அவரை இழிவுபடுத்தாதே என்கிறது அது. மூத்தார் அதுவரை உங்கள் ஊரில் இருந்தால் அன்றைய திருப்பலிக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

உயிரைப் பறிக்கக் கூடாது என்பதால், எந்தப் பாடுபட்டாவது இழுத்துப்பிடித்து வைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பலனைவிடப் பாரம் அதிகமான சிகிச்சையை, மருத்துவரைக் கலந்துகொண்டு, வேண்டாமென்று சொல்லலாம். திருச்சபையின் மறைக்கல்வி 2278ஆம் எண்ணில் இதை ஏற்கிறது. வலியைத் தணிக்க மருந்தும் கொடுக்கலாம். ஆனால் வாய்க்குச் சோறு, தண்ணீர், உடம்புச் சுத்தம், ஆள்துணை ஆகியவற்றை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை நாம் அவருக்குப் பட்ட கடன்.

பின்கட்டுப் பேச்சும் வேண்டாம். கட்டிலைக் குடில் இருக்கிற கூடத்துக்கே கொண்டுவாருங்கள். காலையில் உடம்பைத் துடைத்து, விரிப்பை மாற்றி, பெட்டியிலிருக்கும் அவருடைய நல்ல சேலை ஒன்றை மேலே போர்த்திவிடுங்கள். வழக்கமாக வாயால் சாப்பிடுகிறவர் என்றால், தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, கேக்கைப் பாலில் குழைத்துச் சிறு கரண்டியால் ஊட்டலாம். புரையேறினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பங்குத்தந்தையிடம் இந்த வாரமே சொல்லி, நோயில் பூசுதலும் நற்கருணையும் கேளுங்கள். விழுங்க முடியுமானால் அப்பத்தின் சிறு துண்டே போதும். நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம் அவருக்கும் கிடையாது, அவரைப் பராமரிக்கிற உங்களுக்கும் கிடையாது. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் உங்களுக்குத் திருப்பலி தவறினாலும் அது பாவமல்ல.

உறவினர்கள் வருவதற்கு முன்பே உங்கள் கணவர் அண்ணனிடம் பேசியாக வேண்டும். "அம்மா மேல கை வச்சா போலீஸுக்குப் போவேன்" என்று பெற்ற மகன் சொல்லட்டும், அதை மருமகள் தலையில் கட்ட வேண்டாம். அந்த நாள்களில் மாமியாரைத் தனியே விடாதீர்கள். பயம் தெளியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567க்கு அழையுங்கள். ஆபத்து என்றால் 112.

கடைசியாக ஒன்று. பெற்றது மூன்று பிள்ளைகள், பார்ப்பது ஒரு மருமகள். இது நியாயமில்லை. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகள் எல்லோருடைய பொறுப்பு என்று 2007ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எல்லோரும் வந்து சேர்ந்ததுமே செலவை மட்டுமல்ல, நாள்களையும் பங்கு போட்டுவிடுங்கள். முதல் பங்கு நாத்தனாருடையதாக இருக்கட்டும்: நள்ளிரவுத் திருப்பலி முடியும்வரை அவர் தாயோடு இருக்கட்டும், நீங்களும் கணவரும் கோயிலுக்குப் போய் வாருங்கள். மாமியாரின் மாண்பைக் காக்க உங்களுடையதைப் பலி கொடுக்கும்படி திருச்சபை கேட்கவில்லை.