சாலைக்குப் போகாத வண்டிக்கும் வேகமானி

கேள்வி: எண்ணூரில் எங்கள் தொழிற்சாலைக்குள் மட்டும் ஓடும் கோல்ஃப் வண்டிக்கு ஸ்பீடோமீட்டர் அவசியமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அவசியம். வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென அமைத்த வண்டியை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. சட்டம் விலகிக்கொண்டதால் ஆபத்து விலகிவிடாது. வேகம் 10 கிலோமீட்டரிலிருந்து 20 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மின்மோட்டார் இரைவதில்லை, காதை நம்பி வேகத்தைக் கணிக்கவும் முடியாது. கன்ட்ரோலரில் வேகத்தைக் கட்டிவைத்திருக்கிறோமே என்பீர்கள். அது உச்ச வேகத்தை மட்டுமே தடுக்கும். ‘10 கி.மீ.க்கு மேல் கூடாது’ என்று பலகை வைத்துவிட்டு, ஓட்டுநருக்கு அந்த எண்ணைக் காட்டாமலிருப்பது நியாயமில்லை.

செல்போன் ஜிபிஎஸ் போதாது. தகரக் கூரைக்கடியிலும் கன்டெய்னர் அடுக்குகளுக்கிடையிலும் அது தடுமாறும். சக்கரத்தில் காந்தமும் சென்சாரும் பொருத்துங்கள். 18 அங்குல டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.4 மீட்டர் நகரும். உங்கள் டயரை அளந்து மீட்டரில் பதியுங்கள். 48 வோல்ட் பேட்டரி வரிசையில் ஒன்றிரண்டிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அவை முந்தித் தேயும். கன்வெர்ட்டர் வழியே எடுங்கள். கடற்காற்றுக்கு இணைப்புகள் அரித்துப்போகும், மூடிவையுங்கள். கடைசியாக 100 மீட்டர் அளந்து ஓட்டிப் பாருங்கள்: மீட்டர் 20 காட்டினால் 18 விநாடியில் கடக்க வேண்டும்.