இல்லத்தில் இணையம்: கம்பியில்லா அலையா, மின்கம்பியா?

இணைய இணைப்பு வீட்டு வாசலை எட்டியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். ஆனால் வெளியிலிருந்து வரும் கண்ணாடியிழை முன்கூடத்துச் சுவரோடு நின்றுவிடுகிறது. படிக்க வேண்டிய மாணவனோ பின்கட்டிலோ மாடி அறையிலோ இருக்கிறான். இடையிலுள்ள பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தைக் கடப்பதுதான் எஞ்சியுள்ள பிரச்சினை. 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இல்லங்களுக்குள் புகுந்தபோது இப்பிரச்சினையை நாடெங்கும் அனுபவத்தில் கண்டோம். எந்தக் கருவியை வாங்குவது என்று பெற்றோர் முதலில் கேட்பது ஆசிரியரையும் கள ஊழியரையுமே ஆகும். தவறான யோசனை கூறினால் ஒரு சிறு குடும்பத்தின் பணம் வீணாகும். ஆகையால் இரு முறைகளின் இயல்பையும் ஈண்டு ஆராய்வோம்.

கம்பியில்லா முறை

வைஃபை எனப்படும் இம்முறை வானொலியின் இனத்தைச் சேர்ந்தது. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளை இரு சுவர்களின் ஊடே 23 மீட்டர் தூரம் செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். சுவர் அலையை முற்றிலும் தடுப்பதில்லை, அதன் வலிமையைக் குறைக்கிறது என்ற உண்மைதான் இன்றும் நம் வீடுகளில் செயற்படுகிறது.

வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு பட்டைகளில் இயங்குகிறது. அலையின் வேகமாகிய வினாடிக்கு 30 கோடி மீட்டரை அதிர்வெண்ணாகிய 240 கோடியால் வகுத்தால், முதற்பட்டையின் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் எனக் கிடைக்கும். இரண்டாவதன் அலைநீளம் 6 சென்டிமீட்டர். பொதுவாக, அலைநீளம் குறையக் குறையச் சுவர் விழுங்கும் பங்கு அதிகமாகும். எனவே 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை ஒரே அறைக்குள் மிக்க வேகம் தரும், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை வேகம் குறைந்தாலும் தூரம் செல்லும்.

இவ்வலிமைக் குறைவை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். ஒரு சுவர் 10 டெசிபெல் குறைக்குமாயின், அப்பால் செல்வது பத்தில் ஒரு பங்கு. அத்தகைய சுவர்கள் இரண்டாயின் நூறில் ஒரு பங்கே செல்லும். இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் தளம், இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை செங்கல்லைவிடக் கொடிய தடைகள்.

நமது நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005-ஆம் ஆண்டில் உரிமம் பெறும் தேவை நீக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2018-ஆம் ஆண்டில் விரிவாகத் திறந்துவிடப்பட்டது. உரிமம் வேண்டாமையால் யாவரும் உபயோகிக்கலாம். அதனாலேயே நெரிசலும் உண்டு. அடுக்குமாடிக் கட்டடங்களில் அண்டை வீட்டாரின் ரவுட்டர்களும், 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்கும் மைக்ரோவேவ் அடுப்புகளும் குறுக்கிடுகின்றன.

மின்கம்பி வழி முறை

மின்சாரம் செல்லும் கம்பியிலேயே செய்தியையும் அனுப்புவது புதிய எண்ணமன்று. துணை மின்நிலையங்களுக்கு இடையே உயர் அழுத்தக் கம்பிகளின் வழியாகத் தொலைபேசிச் செய்திகளை அனுப்பும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. துணை மின்நிலையங்களில் கம்பியின் முனையில் தொங்கும் பருத்த சுருள், செய்தி அலை வேறு திசையில் ஓடிவிடாமல் காக்கும் தடுப்பே ஆகும்.

வீட்டில் பயன்படும் பவர்லைன் அடாப்டரின் தத்துவமும் இதுவே. மின்சாரம் வினாடிக்கு 50 முறை அதிர்கிறது. செய்தி அலையோ ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை, புதிய வகைகளில் அதற்கு மேலும், அதிர்கிறது. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால் ஒரு மின்தேக்கியைக் கொண்டே இரண்டையும் பிரிக்கலாம். மின்தேக்கி மெதுவான அதிர்வைத் தடுத்து, விரைவான அதிர்வை விட்டுவிடும். ஓர் அடாப்டரை ரவுட்டரின் அருகிலுள்ள பிளக் பாயிண்டில் செருகிக் கேபிளால் ரவுட்டருடன் இணைக்க வேண்டும். மற்றொன்றைப் படிக்கும் அறையில் செருகினால் அங்கே இணையம் கிடைக்கும். ஹோம்பிளக் என்ற பெயரில் 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் தரம் வினாடிக்கு 14 மெகாபிட் என்றும், 2005-ஆம் ஆண்டின் தரம் 200 மெகாபிட் என்றும் குறிக்கப்பட்டன. 2010-ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. 1901 என்ற பொதுத் தரம் ஏற்பட்டது.

பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்கலாகாது. அது கருவிகளுக்கிடையே எய்தக்கூடிய உச்ச அளவு. பயனுக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதியே. மேலும், 200 மெகாபிட் என எழுதப்பட்ட பல கருவிகளில் கேபிள் செருகும் வாய் 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. இவ்வெச்சரிக்கை கம்பியில்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்.

மின்கம்பிகள் செய்திக்காகப் போடப்பட்டவை அல்ல. கைப்பேசி மின்னேற்றிகள், மலிவான எல்.இ.டி. விளக்குகள், விசிறியின் மின்னணு ரெகுலேட்டர், மிக்ஸி ஆகியவை கம்பியில் இரைச்சலை எழுப்புகின்றன. மின்னெழுச்சித் தடுப்பு வைத்த நீட்டிப்புப் பலகை, இரைச்சலோடு செய்தி அலையையும் வடிகட்டிவிடக்கூடும். ஆகவே அடாப்டரைச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலேயே நேராகச் செருக வேண்டும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் இரு அறைகளும் வெவ்வேறு முனைகளில் இருந்தால் அலை மிகவும் நலிந்துவிடும்.

மின்தடையும் இன்வெர்ட்டரும்

நம் நாட்டு வீடுகளில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது மின்தடை. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் விளக்கும் விசிறியும் பெரும்பாலும் இன்வெர்ட்டர் சுற்றில் இருக்கும். மற்றப் பிளக் பாயிண்டுகள் நேர் மின்சாரத்தில் இருக்கும். மின்சாரம் நின்றதும், நேர் மின்சாரத்தில் செருகிய அடாப்டர் அணைந்துவிடும். மின்கம்பி முறைக்கு இரு முனைகளிலும் மின்சாரம் வேண்டும் என்பதை மறத்தல் கூடாது. கம்பியில்லா முறையில், இணையக் கருவியும் ரவுட்டரும் இருக்கும் ஓரிடத்தில் மட்டும் மின்சாரம் இருந்தால் போதும். மாணவனின் கைப்பேசியோ மடிக்கணினியோ தன் மின்கலத்தில் இயங்கும். ரவுட்டருக்கென்று விற்கும் சிறு மின்கலப் பெட்டி ஒன்று இருப்பின், தேர்வு நாளில் மின்சாரம் போனாலும் பாடம் தடைப்படாது.

தேர்ந்தெடுக்கும் முறை

வாங்குமுன் அளந்து பார்த்தல் அவசியம். ரவுட்டரின் அருகில் நின்று கைப்பேசியில் வேகத்தைக் குறித்துக்கொள்க. பின்னர்ப் படிக்கும் அறையில் காலை, மாலை, இரவு என மூன்று வேளை அளக்கவும். ஒரு காணொளி வகுப்பிற்கு வினாடிக்கு 4 மெகாபிட் பொதுவாகப் போதும். ஆனால் அது இடையறாமல் கிடைக்க வேண்டும். உதாரணமாக, ரவுட்டரின் அருகில் 80 மெகாபிட்டும் அறையில் 2 மெகாபிட்டும் கிடைப்பதாகக் கொள்வோம். குறை வீட்டினுள்ளேயே உள்ளது. இரு இடங்களிலும் 2 மெகாபிட்டே எனில், குறை வெளி இணைப்பில் இருக்கக்கூடும். அப்போது இரு கருவிகளில் எதை வாங்கியும் பயனில்லை.

குறை வீட்டினுள் எனத் தெரிந்தபின் கீழ்க்கண்ட வரிசையில் முயல்க.

1. ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, உயரமான இடத்திற்கு, அலமாரியை விட்டு விலக்கி மாற்றுக. இதற்குச் செலவு சொற்பம். பல வீடுகளில் இதுவே போதுமானது.

2. இடையே ஓரிரு செங்கற் சுவர்களே இருந்தால் கம்பியில்லா முறையே போதும்.

3. தடித்த கற்சுவரோ கான்கிரீட் தளமோ குறுக்கிட்டு, மின்கம்பிகள் நல்ல நிலையில் ஒரே முனையில் இருப்பின், பவர்லைன் அடாப்டரை முயலலாம். பயன்படாவிடில் திருப்பித் தரும் நிபந்தனையுடன் வாங்குவது விவேகம்.

4. அடிக்கடி மின்தடை உண்டாகும் ஊர்களில் பவர்லைன் முறையைக் கடைசியாகவே எண்ண வேண்டும்.

5. புதிதாக வீடு கட்டுவோர் சுவரில் தனிக் குழாய் ஒன்றைப் பதித்து ஈதர்நெட் கேபிள் போட்டுவிடலாம். இவ்விரு முறைகளையும்விட இதுவே உறுதியானது. 100 மீட்டர் வரை செல்லும். ஆனால் மின்கம்பி செல்லும் குழாயில் இக்கேபிளை நுழைத்தல் ஆபத்தாகும்.

எச்சரிக்கைகள்

முனை மாற்றுவதற்காக மெயின் போர்டைத் தாமே திறக்கலாகாது. உரிமம் பெற்ற மின்பணியாளரே அதைச் செய்ய வேண்டும். செருகி நம் பிளக் பாயிண்டில் பொருந்தாத அயல்நாட்டு அடாப்டரைத் தவிர்ப்பது நலம். பவர்லைன் அலை சில வேளை அண்டை வீட்டுக் கம்பிக்கும் கசியக்கூடும். ஆகவே இரு அடாப்டர்களின் பொத்தான்களையும் அழுத்தி, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை நீக்கிப் புதிய மறைகுறியை ஏற்படுத்துக. ரவுட்டரின் கடவுச்சொல்லையும் அவ்வாறே மாற்றுக. சிற்றலை வானொலி கேட்போர் அடுத்த வீட்டில் இருந்தால், அடாப்டர் இயங்கும்போது அவர்கள் கருவியில் இரைச்சல் எழுகிறதா என விசாரிப்பது நல்லொழுக்கமாகும்.

சுருங்கக் கூறின், எந்தக் கருவி சிறந்தது என்னும் வினாவிற்குப் பொதுவான விடை இல்லை. இந்த வீட்டிற்கு எது ஏற்றது என்பதற்கு விடை உண்டு. அது அளவையால் கிடைக்கும்.

மாணவர்க்கான பயிற்சிகள்

1. உம் வீட்டின் வரைபடத்தில் ரவுட்டரின் இடத்தைக் குறித்து, ஒவ்வோர் அறையிலும் கிடைக்கும் வேகத்தை எழுதுக.

2. 30 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் யாது? அதை 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தோடு ஒப்பிடுக.

3. ஒரு தளம் 20 டெசிபெல் குறைக்குமாயின், அலையின் எத்தனையில் ஒரு பங்கு அப்பால் செல்லும்?